நடு வால்வு

விமானத்தின் ஒவ்வொரு இறக்கையிலும் எரிபொருள் தொட்டி உண்டு; அது அந்தப் பக்கத்து இன்ஜினுக்கு. இரண்டு பக்கத்துக் குழாய்களும் சேரும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். கிராஸ்ஃபீட் என்போம். பெரும்பாலும் மூடியே கிடக்கும். ஒரு பக்கம் மிகவும் குறைந்தால் திறப்பார்கள். நிறைந்த பக்கமே இரண்டு இன்ஜினையும் ஓட்டும். ஆனால் திறக்கும்முன் ஒரு கேள்வி: குறைந்தது செலவானதாலா, ஒழுகியதாலா? ஒழுகியிருந்தால், நல்ல பக்கத்து எரிபொருளும் அதே ஓட்டை வழியாகப் போய்விடும். விமானப் பராமரிப்பில் இருக்கும் எனக்கு ரத்தத்தில் ஊறிய கேள்வி இது.

கணவர் இறந்த பிறகு அக்காவைத் திருவிடந்தையில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்பது அவள் போட்ட நிபந்தனை. தொழில் புத்தி சும்மா இருக்குமா? இரண்டு வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளின் குழாய்களையும் இணைத்து நடுவில் ஒரு வால்வு வைத்தேன். வீட்டையே ஏரோப்ளேன் ஆக்கிவிட்டேன் என்று அவள் சிரித்தாள்.

பிறகு எங்களுக்குக் குழந்தை பிறந்தது. மனைவிக்கு ஆபரேஷன், குனியக் கூடாது. எனக்கோ ஷிஃப்ட்; வீட்டில் இருந்தால் தூக்கம்தான். ஒரு காலையில் அக்கா மாடியில் நின்று, தன் தொட்டி காலி, கொஞ்சம் திறந்துவிடு என்றாள். என் வாய் தானாகச் சொன்னது:

"எங்கனா ஒழுவுதா பாரு, அப்பால தொறக்கறேன்."

சரி என்று இறங்கிப் போனாள். அன்று மாலையே, செங்கல்பட்டில் வாடகைக்கு வீடு பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டாள் என்று மனைவி சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. நான் கேட்டது தொட்டியைப் பற்றி, அவளைப் பற்றியா? போய் அவள் வீட்டுக் குழாய்களை இணைப்புக்கு இணைப்பு தடவிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தன. அப்படியானால் இவ்வளவு தண்ணீர் எங்கேதான் போகிறது என்று மனைவியிடம் கேட்டேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"கொழந்த துணி, உங்க துணி, என் துணி அல்லாத்தையும் அண்ணிதான் அவங்க வூட்ல தொவச்சிகினு கீறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மடித்து வைத்த சட்டையைத் தினமும் எடுத்துப் போட்டுக்கொண்டேனே தவிர, யார் துவைத்தது என்று கேட்டதில்லை. இத்தனை நாளும் அவள் பக்கம்தான் இரண்டு வீட்டையும் ஓட்டியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாடியேறி வால்வை முழுக்கத் திறந்தேன். கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய் அக்காவின் கையில் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழுக்குத் துணிய காலீலயே கொண்டாந்து போடு. வெயிலு இருக்கசொல்லவே காஞ்சிடும்" என்றாள்.