வெள்ளிக்கிழமை மேட்னி

உலகத்துப் படமெல்லாம் வீட்டுக்கே வருகிறதே, இனி தியேட்டர் எதற்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். உங்கள் வீட்டில் தோசை சுடுவது யார் என்று முதலில் கேட்பேன்.

வடமதுரைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். விடியுமுன் பூவெடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பி, சமையலை முடித்துவிட்டு, பூவெடுக்கும் பெண்கள் நாங்கள் நாலைந்து பேர் வெள்ளிக்கிழமை மேட்னிக்கு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறுவோம். வாரத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கேபிள் வந்தது. பிறகு சிடி பிளேயர். அமெரிக்காக்காரனும் ஹாங்காங் சண்டைக்காரனும் எங்கள் வீட்டுக்குள் வந்து தமிழ் பேசினார்கள். அதில் எனக்குக் குறையில்லை, டப்பிங் படமென்றால் எனக்கு உயிர். ஆனால் என் வீட்டுக்காரர், "அதான் படம் வீட்டுக்கே வந்துருச்சுல்ல, இனிமே தியேட்டரு என்னத்துக்கு?" என்றார்.

சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கடலில் ஒரு கப்பல் தீப்பிடித்தது. "குடிக்கத் தண்ணி கொண்டாத்தா" என்றார் மாமனார். திரும்பி வந்தால் கப்பலையே காணோம். யார் பிழைத்தது என்று கேட்பதற்குள் மாடு கத்தியது. மாட்டைப் பார்த்துவிட்டு வந்தால் மகளுக்குப் பசி. படம் முடிந்ததும் வீட்டுக்காரர் கதையை எனக்கு அழகாகச் சொன்னார்.

"நீங்க படம் பாத்தீங்க. நான் கதை கேட்டேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பிப் போனேன். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். எந்தத் தேசத்துப் படமானால் என்ன, அந்த இருட்டில் என்னிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது.

அப்போதெல்லாம் வீட்டிலிருந்து ஆள் தேடி வந்தால், டிக்கெட் கிழிப்பவர் டார்ச்சோடு உள்ளே வந்து ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். சாவுச் செய்தியாகக்கூட இருக்கும். அன்று, "வடமதுரை பூத்தோட்டத்துக்காரம்மா!" என்றார். பதறி எழுந்து நின்றேன்.

"என்னண்ணே, யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காகளாம். வீட்டுக்காரரு வெளிய நிக்கிறாரு."

பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. வந்த ஆத்திரத்தில் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அவுகளுக்கு அவரையே காப்பி போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. நான் படம் முடிஞ்சுதான் வாரேன்."

பின்வரிசையில் ஒருத்தி விசிலடித்தாள்.