டேப்பில் ஒட்டிப்போன குரல்

டேப்பில் பதிந்தால் பாட்டுக்கு ஒரு சூடு வருமாம். இப்போது கிற்றாரோடு திரிகிற பிள்ளைகள் என்னிடமே வந்து சொல்கிறார்கள், நானும் தலையாட்டி வைக்கிறேன். பொய்யில்லை. டேப் எதையும் கூர்மையாக விடாது. ஓரங்களை மழுக்கி எல்லாச் சத்தத்தையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஒட்டினதைத் திரும்பப் பிரிக்க முடியாது என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

போன மாதம் என் கூட்டாளியின் மகள் வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டுக்கு வந்தாள். அவனை அடக்கம் செய்து மூன்று கிழமை ஆகியிருந்தது. இளவயதில் நாங்கள் இருவரும் கொட்டாஞ்சேனையில் பதிந்த பாட்டின் கசெட் அவள் கையில் இருந்தது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் போடுவதற்கு அப்பாவின் குரல் மட்டும் வேண்டுமாம்.

"கம்பியூட்டர்ல பிரிச்சுப் பாத்தம் அங்கிள். தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி வருது. உங்களிட்டத் தனியா இருக்குமா?"

இல்லை. இருக்க வழியும் இல்லை.

எங்கள் பதிவு மெஷினில் நான்கு தடங்கள்தான். ஒன்றில் அவன் குரல், ஒன்றில் என் கிற்றார், இன்னொன்றில் நான் தட்டிய தாளம். இந்த மூன்றையும் கலந்து நாலாவது தடத்தில் இறக்குவோம். பிறகு மூன்றையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் வேறு வாத்தியங்களைப் பதிவோம். அந்தக் காலத்தில் வசதியில்லாத எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கலக்கிறவன் வைத்த அளவு வைத்ததுதான், பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது.

பதிந்த அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை; ரோட்டில் சத்தம் குறைவு. ஜன்னலை மெத்தையால் அடைத்துவிட்டு அவன் பாடினான். துறைமுகத்தில் கிளார்க், ஒரு நாள்கூடச் சங்கீதம் படிக்காதவன். ஒரே தடவையில் பிசகில்லாமல் பாடி முடித்தான். ஐந்து வருடம் வகுப்புக்கு நடந்து நான் பழகிய கிற்றார் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் தகரத்தைத் தட்டின மாதிரி இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை, பொறாமைதான்.

"நீயே கலந்து விடு மச்சான், உனக்குத்தான் அது தெரியும்" என்றுவிட்டு அவன் பிளேன்டீ போடக் குசினிக்குப் போனான்.

நான் அவன் குரலைக் கீழே இறக்கினேன். கிற்றாரை மேலே ஏற்றினேன். அவன் இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தபோது கலந்து முடித்து, பழைய தடங்களை அழித்துக்கொண்டிருந்தேன்.

போட்டுக் கேட்டதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. "என்னடா, என்ட குரல் உள்ளுக்குப் போயிட்டு?"

"எல்லாக் குரலும் டேப்புக்கு எடுபடாது மச்சான்" என்றேன். அப்படியொரு சங்கதியே கிடையாது. வாய் கூசாமல் சொன்னேன். அவன் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்துவிட்டு, "அப்ப சரி" என்றான். அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் பதிவுக்கு வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

மகளிடம் இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"வேற ஒண்டுமே இல்ல அங்கிள். குளிக்கேக்க பாடுவார், சமைக்கேக்க பாடுவார். நாங்க பதியப் போனைத் தூக்கினா நிப்பாட்டிடுவார். என்ட கலியாணத்திலயும் மைக்கைக் கையால தொடேல்ல. தன்ட குரல் பதிவுக்குச் சரிவராதெண்டு நீங்க சொன்னீங்களாம். உங்களுக்கு எல்லாம் தெரியுமெண்டு சொல்லுவார். உண்மையா அங்கிள்?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இந்த வயதிலும் துணிவு வரவில்லை.

"ஓம் மகள்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கசெட்டைப் பைக்குள் வைத்தாள். எழும்பும்போது என்னைத் தேற்றுவதுபோல் சொன்னாள்: "உங்கட கிற்றாராவது நல்லா வந்திருக்கு அங்கிள்."