அப்பத்தில் விழுந்த விரிசல்

பெலாகியா மடத்துக்கு வந்த புதிதில் விடியற்காலைப் பூசைக்கு எழுந்திருக்க முடியாமல் திண்டாடினாள். எழாதவள் சாப்பாட்டு அறை வாசலில், எல்லோரும் பார்க்க, நெற்றி தரையில் படும்படி விழுந்து விழுந்து எழ வேண்டும். இரண்டு முறை அந்தத் தண்டனை கிடைத்தது. பிறகு கிடைக்கவில்லை. காரணம் தெக்லா.

நீண்ட மரப்பலகையைத் தோளில் சாய்த்து, மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே கோவிலைச் சுற்றி வந்து எல்லோரையும் பூசைக்கு அழைப்பது தெக்லாவின் வேலை. சுற்றி முடித்ததும் சற்று விலகி வந்து, பெலாகியாவின் ஜன்னல் கட்டையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

தெக்லா மலைக்கு அந்தப்பக்கத்து ஆட்டுக்காரக் குடும்பத்துப் பெண். எலும்பு பெருத்த உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால். பூசையிலும் கால் மாற்றி மாற்றி நிற்பாள். "கடவுள் உனக்குக் கால் வெச்சாரா, சக்கரம் வெச்சாரா?" என்று மடத்துத் தலைவி எப்ராக்ஸியா அம்மா கேட்பார். சனிக்கிழமைகளில் பலிபீடத்துக்கு அப்பம் சுடுவதும் அவள்தான். அந்த வேலையில் மட்டும் அவள் கால் அடங்கும்.

அந்த ஆகஸ்ட் மாதா திருநாளில் அவளைக் கன்னியாஸ்திரியாக ஏற்றுத் துறவு முக்காடு போடுவதாக இருந்தது. ஆறு வருடம் காத்திருந்த முக்காடு. திருநாளுக்குச் சில நாள் முன்பு விறகு கொண்டுவந்த இஃப்ரிம் வண்டியை நிறுத்தியதும் சொன்னார்.

"உன் அண்ணன் தொவாதெர் வைக்கோல் போரு மேலேர்ந்து விழுந்துட்டான். இடுப்பு போச்சு. ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிட்டாங்க. பக்கத்து வீட்டம்மா ஒரு கிண்ணம் சூப்பு வெச்சிட்டுப் போகுது."

"என்னைக் கேட்டானா?"

"அவன் யாரைக் கேட்டான்?"

மடத்துக்குக் கிளம்பிய அன்று, "நீ போனா எனக்கு யாரு இருக்கா?" என்று அண்ணன் கேட்டிருந்தான். "உனக்குத்தான் ஆடு இருக்கே" என்று சிரித்துவிட்டு வந்தவள் அவள். அதோடு பேச்சு நின்றது.

அன்றிலிருந்து அவள் கால் அடங்கவே இல்லை. கிணற்றடிக்கும் வாசலுக்கும் நடந்தபடி இருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த பெலாகியாவுக்கும் மனசு நிலைகொள்ளவில்லை. இவள் போய்விடுவாளோ?

சனிக்கிழமை வந்தது. மாவில் கை வைக்கும் முன் மடத்தில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். மனஸ்தாபத்தோடு பிசைந்த மாவு பலிபீடத்துக்கு ஆகாது. தெக்லா ஒவ்வொருவர் முன்னும் குனிந்தாள். "என்னை மன்னிச்சிடுங்க." "கடவுள் மன்னிப்பார்." அதன் பிறகே பிசைந்தாள், சிலுவை முத்திரை பதித்தாள், அடுப்பில் வைத்தாள்.

வெளியே எடுத்தபோது அத்தனை அப்பமும் சிலுவைக்குக் குறுக்கே வெடித்திருந்தது.

பெலாகியா ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். "ஊசியால குத்த மறந்துட்டீங்கக்கா. ஆவி போக வழியில்ல. வேற ஒண்ணுமில்ல."

"தூக்கத்துல எழுப்பினாக்கூடக் குத்துவேன்டி. இன்னிக்கு ஏன் கை மறந்துச்சு? எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒருத்தன்கிட்ட மட்டும் கேக்கல."

"விரிசல் விட்டா சூப்புல ஊறாதா என்ன?" என்றாள் பல்லில்லாத கிழக் கன்னியாஸ்திரி. "எனக்கு நல்லதுதான்."

தெக்லா சிரிக்கவில்லை. கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் தலைவியின் அறைக்குப் போனாள். பெலாகியா கதவுக்கு வெளியே நின்றாள்.

"முக்காடு போட்டுக்க. அப்புறம் நானே அனுப்பி வைக்கிறேன்" என்றார் எப்ராக்ஸியா அம்மா.

"முக்காடு போடறப்ப, யார் மேலயும் மனஸ்தாபம் இல்லைன்னு பலிபீடத்துக்கு முன்னாடி எப்படிம்மா சொல்லுவேன்?"

"இப்படிப் போன ரெண்டு பேரும் திரும்பல. நீயும் போனா வரமாட்டே. எனக்குத் தெரியும். போறதா இருந்தா அங்கியைக் கழட்டி வெச்சிட்டுப் போ."

முழங்கால் தரையில் படும் சத்தம் கேட்டது. "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்று தெக்லாவின் குரல் வந்தது.

"கடவுள் மன்னிப்பார்" என்றார் அம்மா. குரல் உடைந்திருந்தது.

இரண்டாம் முறை மாவு பிசைந்தது பெலாகியா. எல்லாவற்றையும் மறக்காமல் குத்தினாள்.

பிறகு இஃப்ரிம் சொல்லித்தான் மற்றது தெரிந்தது. தெக்லா போய் அண்ணன் கட்டிலருகே குனிந்து மன்னிப்புக் கேட்டாளாம். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டானாம். மறுநாள் அவள் மக்காச்சோளக் களி கிண்டும்போதுதான் வாய் திறந்தானாம். "அடிப்பிடிக்குது பாரு. கிண்டு." அது மன்னிப்பா இல்லையா என்று இஃப்ரிமுக்குத் தெரியவில்லை. பெலாகியா அதற்காகவும் மெழுகுவத்தி ஏற்றினாள். தொவாதெர் எழுந்து நடக்கவே இல்லை. அவனையும் ஆடுகளையும் விட்டு தெக்லாவால் வர முடியவில்லை. முக்காடு பெட்டியிலேயே இருந்தது.

பெலாகியா அவளைக் கடைசியாகப் பார்த்தது அந்தச் சனிக்கிழமை, மடத்து வாசலில். வந்தபோது உடுத்தியிருந்த பழைய பாவாடை இடுப்பில் இறுகியிருந்தது. அப்போதும் கால் மாற்றி மாற்றித்தான் நின்றாள். வாசலுக்கு வெளியே இரண்டடி போனவள் திரும்பினாள்.

"சுத்தியலை உன் ஜன்னல் கட்டையில வெச்சிருக்கேன். இனிமே நீதான் பலகை தட்டணுமாம், அம்மா சொல்லிட்டாங்க. தூங்கிடாதடி. காத்து மலைப்பக்கம் அடிக்கிற நாள்ல கொஞ்சம் பலமாத் தட்டு. நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பேன்."