ஷெட்டிலிருந்து காணாமல் போனவை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் கணவர் செய்த முதல் காரியம் ஒரு விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். முழுசாக வராது. தகடுகள், குழாய்கள், பை பையாகப் போல்ட்டுகள் என்று பெட்டிகளில் வரும். நாம்தான் ஒன்றாக இணைத்துக்கொள்ள வேண்டும். இளவயதில் வாங்கிய பறக்கும் உரிமத்தை அவர் விடாமல் புதுப்பித்து வைத்திருந்தார். நகர ஓரத்தில், சந்தாபுராவில் ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்தோம். நான் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சாமான் கணக்குப் பார்ப்பவள். அதனால் சாமான்களை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பொறுப்பு யாரும் கேட்காமலேயே என் தலையில் விழுந்தது.

அவர் கையில் இருப்பதை அப்படியே மேசையில் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடுகிறவர். நான் சிவாஜிநகர் போய் மூடி போட்ட டப்பாக்களாக வாங்கி வந்தேன். வாஷர்களுக்கு, கிழமை எழுதிய மாத்திரை டப்பாக்கள். கருவிகளுக்கு ஒரு பிளைவுட் பலகை. ஒவ்வொன்றின் உருவத்தையும் அதில் வரைந்து வைத்ததால் எது திரும்பி வரவில்லை என்று வாசலிலிருந்தே தெரியும். பாதியில் நிற்கிற வேலையில் சிவப்புச் சீட்டு தொங்க வேண்டும். மாட்டத் தயாராக எடுத்து வைத்த டப்பாவில் பச்சைச் சீட்டு. சீட்டு மாட்டாமல் யாரும் எழுந்து டீ குடிக்கப் போகக்கூடாது.

ஆரம்பத்தில் இது சுலபமாகத்தான் இருந்தது. ஒரு இறக்கை முடியும், அதை மூடி ஓரமாக நிறுத்துவோம், அடுத்ததைத் தொடுவோம். கடைசிக் கட்டம் அப்படி இல்லை. எஞ்சினுக்குப் போகும் குழாய்கள், ஒயர்கள், வால் பலகைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தன. எங்கே பார்த்தாலும் சிவப்புச் சீட்டு. அந்தச் சமயத்தில்தான் பொருள்கள் குறைய ஆரம்பித்தன.

முதலில் வால் பலகையின் கீலுக்கான ஒரு போல்ட். கீழே உருண்டிருக்கும் என்று பெருக்கிப் பார்த்தேன். அடுத்த வாரம் ஒரு நட். பிறகு, அந்த நட் கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின் ஒன்று. எல்லாமே பச்சைச் சீட்டு டப்பாவிலிருந்து, எப்போதும் ஒன்றே ஒன்று.

எங்கள் இருவரையும் தவிர ஷெட் உரிமையாளரிடம் ஒரு சாவி இருந்தது. நான் பூட்டை மாற்றினேன். அவர் அதைக் கவனித்துவிட்டுப் பழைய சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "மேடம், புதுசுக்கும் சாவி எனக்கு பேடா. நம்ம மேல டவுட்டு இல்லாம இருந்தா சாக்கு," என்றார். சாவி வேண்டாம், சந்தேகப்படாமல் இருந்தால் போதும் என்று அவர் கன்னடம் கலந்து இயல்பாகச் சொன்னது எனக்கு இன்னும் சந்தேகத்தைத்தான் கூட்டியது. புகைக்குழாய் வெல்டிங்குக்கு வந்து போனவரையும் நினைத்தேன். அவர் வருவது நின்ற பிறகும் ஒரு போல்ட் போனது.

ஸ்டோர்ஸில் இத்தனை வருஷம் இருந்தவளுக்குத் திருட்டின் போக்கு தெரியும். விற்கிறவன் டிரில்லை எடுப்பான், செம்பு ஒயரை எடுப்பான். மேசை மேலேயே கிடந்த புது ஸ்பார்க் பிளக்குகளை யாரும் தொடவில்லை. எது இல்லாவிட்டால் வேலை நிற்குமோ அது மட்டும் போகிறது. அப்படித் தெரிந்து எடுக்கக்கூடியவர் யார் என்று யோசித்தபோது, ஷெட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்தான் மிச்சம்.

அவரிடம் மாற்றம் தெரிந்தது. முன்பு அவசரப்படுவார், இப்போது மாட்டியதையே கழற்றி மறுபடி மாட்டினார். முடிக்கப் பயமோ? மறதி ஆரம்பமாகிறதோ? அவர் பாக்கெட்டில் கை விடும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒருநாள் அவர் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "நான் பறக்கக்கூடாதுன்னு நீயே எடுத்து ஒளிச்சு வைக்கிறியா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அத்தனை நாளும் அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். அசல் வால் போல்ட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போனேன். யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க, அதே அளவில் கடையில் வாங்கிய சாதாரண போல்ட்டுகளை எண்ணி டப்பாவில் போட்டுப் பச்சைச் சீட்டு மாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உரிமையாளர் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தார். என் கணவரை நான் கண்ணை விட்டு அகல விடவில்லை. மதியம், எல்லா ஞாயிறும் போல, அவருடைய அக்கா சர்ச்சில் பூசை முடிந்து கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தார். கன்டோன்மென்ட் பக்கம் தனியாக இருப்பவர். கணவரை ஒரு விபத்தில் இழந்தவர். நாங்கள் இறக்கையை வெயிலில் திருப்பி வைக்க வெளியே போனோம். அக்கா உள்ளே தட்டு வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து டப்பாவைத் திறந்தேன். ஒரு போல்ட் இல்லை.

என் கணவரிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் ஒரு கேக் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். காணாமல் போனவை எல்லாம் அதில் இருந்தன, ஒவ்வொன்றும் பஞ்சில் சுற்றி.

"ஏன்க்கா?" என்றேன்.

"பறக்காதேன்னா அவன் கேக்க மாட்டான். நீதான் ஒண்ணு குறைஞ்சாலும் பறக்க விடமாட்டே. அதான் எடுத்தேன்."

"நான் கவனிக்காம விட்டிருந்தா?"

"நீயா கவனிக்காம விடுவே?"

நான் போட்டுவைத்த ஒழுங்கை நம்பித்தான் அவர் எடுத்திருக்கிறார். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"ஏற்கெனவே மாட்டினது எதையாவது கழட்டினீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"மாதா சத்தியமா இல்ல. டப்பால இருந்து மட்டும்தான்."

நம்பினேனா என்று கேட்டால், இல்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு இருவரும் சேர்ந்து முடிந்த வேலைகளில் எல்லாம் மறுபடி சிவப்புச் சீட்டு மாட்டினோம். மூடிய தகடுகளைத் திறந்தோம். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் மறுபடி பார்த்தோம். இடது இறக்கையின் உள்ளே ஒரு நட்டில் ஸ்பிளிட் பின் இல்லாமல் இருந்தது. அக்காவின் டப்பாவில் இருந்த ஸ்பிளிட் பின் வேறு அளவு. நாங்களே மாட்ட மறந்ததா, வேறு யாராவது கழற்றியதா என்று இன்றுவரை தெரியாது. என் கணவர் புது பின் ஒன்றைச் செருகினார். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்கள் அவர் அக்காவோடு பேசவில்லை. பிறகு அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்ததும், முதல் தடவை தான் பறக்கப் போவதில்லை, அனுபவமுள்ள ஒரு விமானியைத்தான் பறக்கச் சொல்லப்போவதாகச் சொன்னார். அந்த முடிவு யாருடையது என்று நான் கேட்கவில்லை.

அனுமதிகள் எல்லாம் வந்த பிறகு, நகருக்கு வெளியே ஒரு சின்ன ஓடுதளத்தில் ஒரு காலையில் அது மேலே எழும்பியது. அக்கா ஜெபமாலையோடு வேலி ஓரம் நின்றார். வானத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் இறங்கிய பிறகு அந்த விமானி கைகொடுக்க வந்தபோது, என் கணவர் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிந்தைய வாரங்களில் அவரும் பறந்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார். கேரியரை வாசலிலேயே வைத்துவிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். உள்ளே வெயில் குறைவாக இருக்கும். "உள்ள வாங்கக்கா" என்று சொல்ல வாய்வரை வருகிறது. இதுவரை நான் சொன்னதில்லை. அவரும் எழுந்து வந்ததில்லை.