சிக்னல் இல்லாத மூன்று மணி நேரம்

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய நீலப் பெட்டி அது. பாட்டுப் பெட்டி என்றுதான் மச்சான் சொல்வார். அதில் படம் வராது, பேச முடியாது, யாரும் நம்மைக் கூப்பிடவும் முடியாது, பாடும், அவ்வளவுதான். டயாலிசிஸ் கட்டிலில் அவர் மல்லாந்திருக்க, சட்டைப்பையின் மேல் அது கிடக்கும். இடது கை இயந்திரத்துக்கு: இரண்டு ஊசி, இரண்டு குழாய், ஒன்றில் ரத்தம் போகும், மற்றொன்றில் திரும்பி வரும். வலது கை போனுக்கு. அந்தப் போனை அவர் பிடித்திருந்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தேர்க்கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடிப்பார்களே, அப்படி.

மச்சான் என் அக்காவின் கணவர். சிங்காநல்லூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறையில் இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆறு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தார். வாரத்துக்கு மூன்று முறை நான்தான் வண்டியில் கூட்டிப்போவேன். பெயர் பதிந்த அன்று, அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிற அம்மா சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் சொன்னதுபோல உள்ளே இறங்கிவிட்டது. "எப்ப வேணா கூப்புடுவமுங்க. எடுக்கலைன்னா அடுத்த பேருக்குப் போயிருவோம். பொறவு எங்களக் கோவிச்சுக்கக் கூடாது." கூடவே இருக்கிற வீட்டு ஆளின் எண்தான் வேண்டும் என்றதால், இரண்டாவது எண்ணாக அக்காவின் எண்ணைக் கொடுத்திருந்தோம். ஆனால் அக்கா மில் வேலைக்குப் போகிறவள். ஷிப்டு முடியும்வரை போனை அணைத்து வாசலில் கொடுத்துவிட வேண்டும். ஆகவே மெய்யாக இருந்தது ஒரே ஒரு எண்தான். ஒரு மனிதனின் உயிர் பத்து இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால்தான் பாட்டுக்குத் தனிப் பெட்டி. "பாட்டுக் கேட்டுக் கேட்டுப் போனு பாதியில செத்துப்போச்சுன்னு வைங்க மாப்ள, கூடவே நானும் செத்தேன்" என்பார் சிரித்துக்கொண்டே. அவர் சிரிப்பார், எனக்குச் சிரிப்பு வராது. பயம் தொற்றக்கூடியது. நோய் அவருக்கு, நடுக்கம் எனக்கு. சிக்னலில் வண்டி நிற்கும்போது, சாப்பிடக் கை கழுவும்போது, மழை இரைச்சலில், கல்யாண மேளத்தில், எங்கும் ஒரு மணி அடிப்பதுபோலவே இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பிறகு அந்தப் போனுக்கு வயதாகிவிட்டது. நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டே இருந்து சட்டென்று அணைந்துவிடும். முதல் தடவை அப்படி அணைந்தபோது, ஊசி குத்திய கையோடு மச்சான் எழுந்து உட்காரப் பார்த்தார். நர்சு ஓடிவந்து தோளைப் பிடித்து அமுக்கினார். நான் புதுப் போன் வாங்கிவிடலாம் என்றேன். அவர் விலையைக் கேட்டார். சொன்னேன். "அடேங்கப்பா! ஏனுங்க மாப்ள, மூணு வருசத்துக்கு ஒருக்காப் போனை மாத்தோணும்னு கம்பெனிக்காரன் சொல்றான். நான் கிட்னி மாத்தறதுக்கு ஆறு வருசமா நிக்கறனே, எனக்கு ஒரு ஆபர் போடமாட்டானா?" பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். போனில் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்பது மச்சானின் எண்ணம். காந்திபுரத்தில் ரிப்பேர்க்காரர் ஒருவர் அரை மணி நேரத்தில் போட்டுத் தருவதாகச் சொல்லவும் செய்தார். நான்தான் கேட்கவில்லை. பழைய பொருளின் மேல் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. இனி எதுவும் அணையக் கூடாது, புதிதாக இருந்தால் அணையாது என்று பிடிவாதமாக நம்பினேன்.

பெரிய கடை. எல்லாச் சுவரிலும் வெளிச்சம். விற்பனைக்கு நின்ற பெண் நீலப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, பாட்டுக்குன்னு தனியா ஒண்ணு வச்சுருக்கீங்களா? இதுலயே எல்லாம் இருக்குதுங்க" என்றாள். "எல்லாம் ஒண்ணுலயே இருந்தா, ஒண்ணு போனா எல்லாம் போயிருமே அம்மணி" என்றார் மச்சான். அவள் பழைய சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டாள். எடுக்கவில்லை. துடைத்துப் போட்டாள். எடுக்கவில்லை. எப்போதோ கத்தரித்துச் செருகிய சிம், ஓரம் பிசிறியிருந்தது. வேறு சிம் வாங்கி வந்தால் அதே நம்பர் வந்துவிடும் என்றாள். பக்கத்துக் கடையில் விரலை வைத்துப் புதுச் சிம் வாங்கினோம். அந்த நொடியில் பழையது செத்தது. புதியது இன்னும் பிறக்கவில்லை.

"எத்தன நேரமாகும் அம்மணி?"

"ரெண்டே மணி நேரமுங்க. டீ குடிச்சுட்டு வாங்க."

மச்சான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. "ரெண்டு மணி நேரத்துல ஒரு மனுசன் செத்து, அவன் கிட்னி வேற ஆளுக்குப் போயிரும் கண்ணு" என்றார், வெகு மெதுவாக. அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. என் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். யாரோ எடுத்து, அந்த அம்மா கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். என் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். குறித்துக்கொண்டார்களா என்று தெரியாது. அக்கா ஷிப்டில் இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே டவுன் பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு ஹார்னுக்கும் அவர் தோள் குலுங்கியது. இரண்டு மணி நேரம் மூன்றானது. நீலப் பெட்டியை எடுத்து நீட்டினேன். "இப்பப் பாட்டா மாப்ள?" என்று கேட்டார். அவ்வளவு காலத்தில் அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

புதுப் போனில் சிக்னல் கோடுகள் வந்தன. ஒன்று, இரண்டு, நான்கு. திரை வெறுமையாக இருந்தது. சிம் செத்துக் கிடந்த நேரத்தில் வந்த அழைப்பு எந்தத் தடமும் விடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். வீடு திரும்பும் வழியில், குளக்கரை தாண்டியதும், "ஆஸ்பத்திரியில கேட்டுறலாங்க மச்சான்" என்றேன். "கேக்காதீங்க" என்றார். "வந்துச்சுன்னு சொல்லிப்போட்டா என்ன பண்ணுவீங்க? தெரியாமயே இருக்கட்டும். நான் இன்னும் லைன்ல நிக்கோணும்."

பத்து மாதம் நின்றார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது இதயம் நின்றுவிட்டது. மேசை மேல் அந்தப் போன் நூறு சதவீதச் சார்ஜோடு இருந்தது.

நீலப் பெட்டியை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள். என் போன் பழசாகிவிட்டது, மாற்றச் சொல்லித் தினமும் ஏதோ ஒரு செய்தி வருகிறது. நான் மாற்றவில்லை. சிக்கனம் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். மாற்றுகிற அந்த இடைவெளியை நினைத்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. நான் எந்தப் பட்டியலிலும் இல்லை, யாருடைய உயிரும் என் எண்ணில் தொங்கவில்லை. இருந்தும் வேர்க்கிறது.

போன மாதம், பட்டியலிலிருந்து பெயரை எடுக்கக் காகிதங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே அம்மாதான். மச்சான் போனதை அக்கா அப்போதே போனில் சொல்லியிருந்தாள். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. "ஒண்ணு கேக்கோணுமுங்க" என்றேன். "ஒரு நாள் மச்சான் போனு மூணு மணி நேரம் வேலை செய்யலீங்க. அன்னைக்கு நீங்க..."

"அன்னைக்கு நாங்க கூப்புடலீங்க" என்றார்.

பதிவேடு அவர் முன்னால் மூடியபடியே இருந்தது. "ஒருக்காப் பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். "பாக்க வேண்டியதில்லீங்க தம்பி. ஊட்டுக்குப் போங்க."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். நெஞ்சில் ஏதோ இறங்கியதுபோலத்தான் இருந்தது. வண்டியில் சாவியைப் போட்டுத் திருகும்போது கை நின்றுவிட்டது. அது எந்த நாள் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.