துரை வீட்டுச் சுவரில் ரோசாப்பூ

அண்ணா, இன்று வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு, அவர் பேச்சை வேலையாளுக்கு மொழிபெயர்க்கப் போனேன். சொரசொரப்பான சுண்ணாம்புச் சுவரில், பூ வடிவில் துளையிட்ட தகரத்தை வைத்து ரோசாப்பூ வரையவேண்டும்.

வர்ணம் பூச வந்த காசிம் நானா சொன்னார்: "முதல்ல தகரத்தின்ர ஓரத்தைச் சுவரின்ர வெள்ளையாலயே அடைக்கோணும். பிறகு சிவப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால ஒத்தோணும். இல்லாட்டி கசியும்."

"சோம்பேறி" என்று துரை பிரஷ்ஷைப் பறித்து, முக்கியெடுத்துத் தாமே பூசினார்.

தகரத்தை எடுத்தபோது சிவப்புக் கசிந்து, சுவரில் ரோசாவுக்குப் பதில் அவித்த நண்டு ஒன்று இருந்தது.

"மாலைக்குள் பூ வராவிட்டால் அந்த ஆளுக்கு இனி இங்கே வேலையில்லை" என்றார் துரையின் மனைவி துரைசாணி. அந்த ஆள் யாரென்று நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

நானா தன் முறைப்படியே சுவர் முழுக்க ஒத்தினார். ஓர் இதழும் கசியவில்லை.

துரை பூரித்துப்போனார். "ஒருமுறை செய்துகாட்டினால் இவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்."

"ஓம். துரையின்ர நண்டை அழிக்கிறதோ, விடுறதோ எண்டு கேளுங்கோ" என்றார் நானா.

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

நீங்கள் எழுத்துவேலை பார்க்கும் கந்தோரில் உங்கள் துரை இன்று என்ன கற்பித்தார்?