பிரேக்கக்கா போட்ட பாட்டு

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டப் பழகுகிறவர்கள் தடுமாறினால் அவள் கால்தான் வேலை செய்யும். ஸ்டீயரிங்கில் கை வைக்கவே மாட்டாள்.

பாட்டு கேட்டால் அவளுக்கு வார்த்தை மனதில் தங்காது. அடியில் உறுமிக்கொண்டே போகும் கனத்த ஒலி, அந்த பேஸ்தான் தங்கும். அப்படி ஒன்றைத் தானே உண்டாக்க வேண்டும் என்ற ஆசை அரித்துக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரில் இசையமைக்கக் கற்றுத்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்று செல்போன் கடை மாடியில் நடப்பது தெரிந்து, போய் நின்றாள்.

"பாட்டு கிளாஸ் பக்கத்து ரூம்மா," என்றார் வாத்தியார்.

"பாட வரல சார். பாட்டு போட வந்திருக்கேன்."

உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். கூட்டங்களுக்கு மைக்செட் போடுகிற ஒருவருக்குப் பக்கத்தில் அவளுக்கு நாற்காலி கிடைத்தது. மைக்செட்காரர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை. அவள் திரையில் எதையாவது தேடத் தொடங்கியதும், "குடுங்க சிஸ்டர்" என்று மவுஸை வாங்கிக்கொள்வார். நாலு தட்டுத் தட்டுவார், சத்தம் சரியாகிவிடும். எப்படிச் சரியானது என்று கேட்டால், "அது பழகப் பழக வந்துடும்." வாத்தியாரைக் கூப்பிட்டாலும் அதே கதைதான். மவுஸைப் பிடுங்கி, செய்துகாட்டி, "பாத்தீங்கல்ல?" என்று நகர்ந்துவிடுவார். பார்த்தாள்தான். கைக்கு ஒன்றும் வரவில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவாள். துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் காதில் ஹெட்போனை மாட்டினாள்.

"நல்லாதான் இருக்கு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"இதுதான் பாட்டு."

அவன் அவசரமாகத் தலையாட்டினான். அந்த ஆட்டம் தாளத்தோடு சேரவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. டிரம்மை பேஸ் முழுங்கிவிட்டிருந்தது.

அடுத்த வகுப்பில் அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மைக்செட்காரர் அந்தப் பாட்டுக்குப் புது டிரம் போட்டு முடித்திருந்தார். கடைசி வகுப்பில் வாத்தியார் அதைத்தான் எல்லாருக்கும் போட்டுக்காட்டினார். கை தட்டினார்கள்.

"யாரு ஹெல்ப் பண்ணாங்க?" என்றார் வாத்தியார். மைக்செட்காரர் கூச்சத்தோடு சிரித்தார்.

அவள் எழுந்தாள். "ஹெல்ப் இல்ல சார், டிரம் முழுக்க அவரோடது. என்னோடது இதுல இருக்கு," என்று பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொடுத்தாள்.

அது ஓடி முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. "பேஸும் டிரம்மும் ஒரே இடத்துல முட்டிக்குது," என்ற வாத்தியார் மவுஸுக்குக் கை நீட்டினார். அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"வாயால சொல்லுங்க சார். நானே பண்றேன்."

சொன்னார். பேஸைக் கொஞ்சம் வெட்டச் சொன்னார். அவள் அதிகமாக வெட்டிவிட்டாள். திருப்பி ஏற்றினாள், பழையபடி இரைந்தது. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். வகுப்பு நேரமும் முடிந்துவிட்டது. படி இறங்கும்போது அவளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது.

மற்றவர்கள் எல்லாரும் மேல்வகுப்புக்குப் போனார்கள். அவள் தொடக்க வகுப்பிலேயே மறுபடி சேர்ந்து, சுவரோரம் ஒற்றையாகக் கிடந்த நாற்காலியைப் பிடித்தாள்.

"மறுபடியும் இங்கயா? எல்லாம் சொல்லிக் குடுத்தாச்சேம்மா," என்றார் வாத்தியார்.

"நீங்க சொல்லிக் குடுத்துட்டீங்க சார். நான் இன்னும் கத்துக்கல."

டிரம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. வெட்டிப் பார்க்கிறாள், ஏற்றிப் பார்க்கிறாள், திட்டிக்கொண்டே மறுபடி வெட்டுகிறாள்.